குதிரை லாயத்தில் கச்சேரி

இங்கிலாந்தின் கடற்கரை ஊரான பிரைட்டனுக்கு வந்த முதல் பதினான்கு மாதங்களில் எனக்கு இந்த ஊரில் தெரிந்தவை மூன்றுதான்: மருத்துவமனை, ஒரு பேருந்துத் தடம், கடல். கடலைக்கூட இரவுப் பணி முடித்துத் திரும்பும்போது மாடிப் பேருந்தின் ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பேன். இங்கே பேருந்துகளின் நெற்றியில் ஆட்களின் பெயர் எழுதியிருக்கும். இந்த ஊரோடு தொடர்புள்ள, மறைந்துபோனவர்களின் பெயர்கள். தூக்கக் கலக்கத்தில் அவற்றைப் படித்து, இவரெல்லாம் யாராக இருக்கும் என்று யோசிப்பதோடு சரி. வீட்டுக்கு வந்து திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்துவிடுவேன்.

கடற்கரைக்கு இறங்கிப் போனது ஒரே ஒரு முறை. கடற்கரை என்றால் மணல் என்று நினைத்து வளர்ந்தவள் நான். இங்கே முழுக்கக் கூழாங்கல். நாலு அடி வைப்பதற்குள் கணுக்கால் இரண்டு முறை மடங்கியது. கையிலிருந்த உருளைக்கிழங்கு வறுவலில் பாதியைக் கடற்காகம் ஒன்று கொத்திக்கொண்டு போனது. சரி, நமக்கும் இந்தக் கடலுக்கும் ஒத்துவராது என்று திரும்பிவிட்டேன்.

இதையெல்லாம் மாற்றியது கீழ்த்தளத்தில் குடியிருந்த ஒரு பெண். யாழ்ப்பாணத்துக் குடும்பம், பிறந்து வளர்ந்தது லண்டனில், இங்கே பல்கலைக்கழகத்தில் துணி வடிவமைப்பு படித்துக்கொண்டிருந்தாள். இருபத்தோரு வயது. முடியில் பச்சை நிறம். நான் முதலில் பார்த்தபோது கொஞ்சம் பயந்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும். ஒருநாள் மாடிப்படியில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்துச் சொன்னாள்: "அக்கா, எப்ப பாத்தாலும் இந்தக் கறுப்பு ஜாக்கெட்டோடயே திரியிறீங்கள். சனிக்கிழமை ஒருக்கா என்னோட வாங்கோ."

அவள் கூட்டிப்போனது நார்த் லேனுக்கு. இதில் ஒரு குழப்பம் உண்டு. கடலுக்குப் பக்கத்தில் 'தி லேன்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கிறது, நகைக்கடைகள் நிறைந்த குறுகலான சந்துகள். ரயில் நிலையத்துக்குக் கீழே இறங்கினால் வருவது 'நார்த் லேன்'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும், ஆனால் ஆங்கிலத்தில் எழுத்து வேறு, பொருளும் வேறு. முதலாவது சந்து. இரண்டாவது, சசெக்ஸ் வட்டார வழக்கில் குன்றடிவாரத்துத் திறந்த வயல்வெளி. இப்போது அங்கே வயலும் இல்லை, வெளியும் இல்லை. தோளோடு தோள் இடிக்கும் கடைத்தெருக்கள். சனிக்கிழமைக் காலையில் அப்பர் கார்ட்னர் தெருவில் சந்தை போடுவார்கள். பழைய இசைத்தட்டு, பித்தளை விளக்கு, கை போன பொம்மை, யாருடைய தாத்தாவுடையதோ ஒரு இராணுவக் கோட்டு.

கென்சிங்டன் கார்டன்ஸ் என்ற தெருவில் ஸ்னூப்பர்ஸ் பேரடைஸ் என்று ஒரு பழம்பொருள் அங்காடி. உள்ளே போக, ரயில் நிலையத்தில் இருப்பதுபோல ஒரு சுழல் கம்பியைத் தள்ளிக்கொண்டு நுழைய வேண்டும். கடைக்குள் போகச் சுழல் கம்பி எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனால் அதைத் தாண்டியதும் ஏதோ சீட்டு வாங்கிக்கொண்டு நாடகத்துக்குள் நுழைந்த மாதிரி ஒரு உணர்வு வருவது உண்மை. அங்கேதான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். ஆம்பளைக் கோட்டு. கடுகு நிறம், கார்டுராய் துணி, முழங்கையில் லேசாகத் தேய்ந்திருந்தது, உள்துணி முதுகுப் பக்கம் கிழிந்து தொங்கியது. 14 பவுண்டு.

அன்று மாலை வீடியோ அழைப்பில் அம்மாவுக்குக் காட்டினேன். "அடுத்தவங்க கழட்டிப் போட்டதக் காசு குடுத்தா வாங்கின? யாரு உடுத்துனதோ, உசுரோட இருக்காங்களோ இல்லையோ" என்றார். நான் நர்ஸ் ஆயிற்றே, அம்மா கேட்பதற்கு முன்பே எனக்கும் அதே கவலைதான். டெட்டால் கலந்த தண்ணீரில் ஒரு இரவு முழுக்க ஊறவைத்துவிட்டேன். கார்டுராயை அப்படியெல்லாம் ஊறவைக்கக் கூடாதாம். கீழ்வீட்டுப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். நிறம் கொஞ்சம் இறங்கியது. பரவாயில்லை, கடுகு பருப்பாக மாறியது, அவ்வளவுதான்.

உள்துணியை அவள் தைத்துத் தருவதாகச் சொன்னாள். என்ன துணி வேண்டும் என்று கேட்டபோது, பெட்டியின் அடியில் கிடந்த என் பழைய சுங்குடிச் சேலையைக் கொடுத்தேன். மடிப்பில் இற்றுப்போயிருந்த அரக்குச் சிவப்பு. வெட்டட்டுமா என்று மூன்று முறை கேட்டுவிட்டுத்தான் கத்தரி வைத்தாள். இப்போது வெளியே பார்த்தால் யாரோ ஓர் ஆங்கிலேயப் பள்ளி ஆசிரியரின் கோட்டு. பொத்தானைக் கழற்றினால் உள்ளே மதுரை.

இந்த ஊரின் உடை ரசனையைப் பற்றிப் பிறகு நிறையப் பார்த்தேன். கார்ட்னர் தெருவில் கடை வைத்திருக்கும் வெஜிடேரியன் ஷூஸ் நிறுவனம் 1990 முதல் தோல் இல்லாத காலணி விற்கிறது. இன்றைக்கு அது நாகரிகம். அன்றைக்கு அதை எத்தனை பேர் கேலி செய்திருப்பார்கள்! ஆகஸ்ட் மாத வங்கி விடுமுறையில் மடீரா டிரைவ் கடற்கரைச் சாலைக்குப் போனால், ஒரே ஸ்கூட்டரில் பத்துப் பன்னிரண்டு கண்ணாடிகளை மாட்டிக்கொண்டு 'மாட்'கள் வருவார்கள், அறுபதுகளின் ஸ்கூட்டர் இளைஞர் கூட்டம். 1964இல் இதே கடற்கரையில் 'ராக்கர்' என்ற மோட்டார் சைக்கிள் கூட்டத்தோடு அடிதடி செய்து பத்திரிகைகளில் பரபரப்பானவர்கள். இப்போது வருகிறவர்களில் பலருக்கு எழுபது தாண்டியிருக்கும். அதே பச்சை பார்கா கோட்டு, அதே ஒட்ட வெட்டிய காற்சட்டை. ஒருவரின் முழங்கால் பட்டையைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது, அறுவை சிகிச்சை முடிந்து ஆறு வாரம்கூட ஆகியிருக்காது. அந்தக் காலோடு ஸ்கூட்டர்!

இசைக்கு வருகிறேன்.

ஜனவரிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. சிறிய இசை அரங்குகளுக்கென்று இந்நாட்டில் 2014 முதல் ஆண்டுதோறும் ஒரு வாரம் கொண்டாடுகிறார்கள். அதைக் காரணமாக வைத்து அவள் என்னை கிரீன் டோர் ஸ்டோருக்கு இழுத்துப்போனாள். ரயில் நிலையத்துக்கு அடியில், வளைவுகளுக்குள் இருக்கும் இடம். தரையில் பழைய காலத்துக் கல் பாவியிருக்கிறது. வாசலில் நின்றபோது எனக்கு வயிறு கலங்கியது. உள்ளே எல்லோருக்கும் இருபது, இருபத்திரண்டு வயது. எனக்கு முப்பத்தெட்டு. அம்மாவைத் தேடி வந்தவள் என்று நினைப்பார்களோ, இல்லை, மகளைத் தேடி வந்த அம்மா என்று நினைப்பார்களோ. ஒருவரும் எதுவும் நினைக்கவில்லை. கையில் முத்திரை குத்திவிட்டு நகர்ந்துகொண்டார்கள்.

முதலில் ஏறியது இரண்டே பேர் கொண்ட குழு. ஒரு பெண் கிட்டாரோடு, ஒரு பையன் டிரம்ஸோடு. பெயர் சொன்னார்கள், எனக்குக் கேட்கவில்லை. அவ்வளவு சத்தம். இந்த இடத்தில் நர்ஸாக ஒரு வார்த்தை: தொழில் பாதுகாப்புக் கணக்குப்படி 85 டெசிபெல் சத்தத்தை எட்டு மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபெலில் பதினைந்து நிமிடம்தான். இப்படிப்பட்ட சிறிய அறைகளில் 100ஐத் தொடுவது சாதாரணம். நான் பஞ்சு அடைப்பானைக் காதில் செருகிக்கொண்டேன். செருகியதும் ஒரு விசித்திரம் நடந்தது. இரைச்சல் இறங்கி, பாட்டு மேலே வந்தது. அந்தப் பெண் ஆங்கிலத்தில் பாடிக்கொண்டிருந்தது தன் பாட்டியின் வீட்டைக் காலி செய்வதைப் பற்றி. அலமாரி, ஊறுகாய்ப் போத்தல், யாருக்கும் வேண்டாத ஒரு நாற்காலி. நான் அழவில்லை. ஆனால் மூக்கு அடைத்துக்கொண்டது.

முடிந்ததும் அதே பெண் மேடையிலிருந்து இறங்கி, ஓரத்தில் ஒரு மடக்கு மேசைக்குப் பின்னால் நின்று சட்டைகளும் கேசட்டும் விற்றாள். ஆம், கேசட். சீட்டு 8 பவுண்டு, மூன்று குழுக்கள். அரங்கு, ஒலி ஆள், வேன் பெட்ரோல் எல்லாம் போக இவர்களுக்கு என்ன மிஞ்சும் என்று கேட்டேன். சிரித்தாள். சட்டை விற்றால்தான் இன்றைக்குச் சாப்பாடு என்றாள். இணையத்தில் ஒருமுறை பாட்டைக் கேட்டால் வருவது ஒரு பென்னியின் சின்னத் துண்டு. ஒரு சட்டையின் லாபத்துக்கு ஆயிரக்கணக்கான முறை கேட்க வேண்டும். கேசட் வாங்கினேன். வீட்டில் அதைப் போட என்னிடம் எதுவும் இல்லை. அவள் சில்லறை எண்ணிக்கொண்டே என் கோட்டின் விளிம்பைப் பார்த்தாள். "உள்ளே என்ன துணி அது?" திறந்து காட்டினேன். டிரம்ஸ் பையனையும் கூப்பிட்டுக் காட்டினாள். அந்த அறையில் வயதானவள் என்று கூச்சப்பட்டதை அதோடு மறந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பழக்கமாகிவிட்டது. மாதத்தில் இரண்டு இரவாவது பணி இல்லாமல் பார்த்துக்கொண்டேன். இந்த ஊரில் ஏன் இத்தனை குழுக்கள் என்று கீழ்வீட்டுப் பெண்ணைக் கேட்டால் ஒரே வரியில் முடிப்பாள்: "எல்லாரும் படிக்க வாறவை, பிறகு வேலை கிடைக்காது, பேண்ட் துவங்குவினம்." பெரிய அளவில் அது சரிதான். 2001இல் இங்கே தொடங்கிய பிம் என்ற இசைக் கல்லூரியில் படிக்க வந்தவர்கள் சேர்ந்து உருவானதுதான் தி கூக்ஸ் குழு. டிரீம் வைஃப் என்ற மூவர் குழு, பிரைட்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு கலைப் படைப்புக்காகப் போட்ட வேஷமாகத்தான் ஆரம்பித்தது. வேஷம் நிஜமாகிவிட்டது. டானா மார்கோலின் என்ற பாடகி இங்கே தொடங்கிய பார்ரிட்ஜ் ரேடியோ குழுவின் 2020 ஆல்பம், ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்குத் தரும் மெர்க்குரி பரிசின் இறுதிப் பட்டியலுக்குப் போனது. அவர் குரலில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவதைக் கேட்டுப் பாருங்கள். ஒப்பாரிக்குப் பழகிய காதுக்கு அது அந்நியமாகவே இருக்காது.

மே மாதத்தில் தி கிரேட் எஸ்கேப் என்ற விழா. 2006இல் தொடங்கியது. நான்கு நாள், நாற்பதுக்குக் குறையாத மேடைகள் இருக்குமோ என்று தோன்றும் அளவுக்கு ஊரெங்கும் புதிய குழுக்கள், பெரும்பாலும் யாரும் கேள்விப்படாதவர்கள். முதல் வருடம் நான் செய்த முட்டாள்தனம், பட்டியல் போட்டுக்கொண்டு போனது. மணி வாரியாக, இரவுப் பணி அட்டவணை போல, நிறம் தீட்டி. மணிக்கட்டுப் பட்டைக்குப் பணமும் கட்டியாகிவிட்டது. ஓர் அரங்கின் வாசலில் ஐம்பது நிமிடம் தூறலில் நின்றேன். ஒருவர் வெளியே வந்தால்தான் ஒருவர் உள்ளே. ஒருவரும் வெளியே வரவில்லை. காவலாளி ஒவ்வொரு முறையும் "இன்னும் ஐந்து நிமிடம்" என்றார். உள்ளே கைதட்டல் கேட்டது, கச்சேரியே முடிந்துவிட்டது.

கோபத்தோடு திரும்பி நடந்தபோது, பக்கத்துச் சந்தில் ஒரு மதுக்கடையின் மாடியிலிருந்து டிரம்பெட் சத்தம். விழாவோடு ஒட்டி, அதில் இடம் கிடைக்காதவர்களும் ஊரெல்லாம் வாசிப்பார்கள். பெரும்பாலும் பட்டையும் வேண்டாம், சீட்டும் வேண்டாம். ஏறிப்போனேன். பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள், மேடையில் ஏழு பேர். டிரம்பெட், இரண்டு வயலின், மூலையில் ஹார்மோனியம். நம் ஹார்மோனியமேதான்! வாசித்தவருக்குத் துருத்தியை அழுத்தும் பக்குவம் வரவில்லை, காற்று விட்டு விட்டு வந்தது. ஆனால் அந்த இடைவெளிகளில் டிரம்பெட் வந்து உட்கார்ந்துகொண்டது. அதன் பிறகு நான் பட்டியல் போடுவதில்லை. சத்தம் வரும் பக்கம் நடப்பேன்.

அதே மே மாதத்தில் வார இறுதிகளில் வீடுகள் திறக்கும். 1982இல் ஃபைவ்வேஸ் பகுதியில் நெட் ஹாஸ்கின்ஸ் என்ற ஓவியர் தன் வீட்டைத் திறந்து ஓவியங்களைக் காட்டியதிலிருந்து வந்த வழக்கம். இன்று ஊர் முழுக்கப் பரவிவிட்டது. யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம், இலவசம். முதல் வீட்டில் நான் பழக்கதோஷத்தில் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டேன். எனக்குப் பின்னால் வந்த நாலு பேரும், அதுதான் முறை போலிருக்கிறது என்று கழற்றினார்கள். வீட்டுக்கார அம்மாள் வந்து பார்த்துத் திகைத்து, பிறகு தன் காலணியையும் கழற்றிவிட்டார்.

கலைக்கூடத்தில் எனக்கு எப்போதும் ஒரு கூச்சம். எவ்வளவு நேரம் ஒரு படத்தைப் பார்க்க வேண்டும், எந்த முகத்தோடு பார்க்க வேண்டும் என்று தெரியாது. சமையலறையில் அது இல்லை. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே ஓர் ஓவியம், குளிர்பெட்டிப் பக்கத்தில் ஒன்று. இன்னொரு வீட்டில் குளியல் தொட்டிக்குள் பீங்கான் மீன்களை அடுக்கிவைத்திருந்தார்கள். வாங்குகிறவர்கள் ஓவியரிடமே நேராகக் கேட்கிறார்கள், இந்த நீலம் என்ன நீலம், எத்தனை நாள் ஆனது. நான் ஒரு லினோகட் அச்சுப்படம் வாங்கினேன், 18 பவுண்டு. எரிந்துபோன மேற்குப் பாலத்தின் எலும்புக்கூடு, அதற்கு மேலே மைனா ஜாதிப் பறவைகள் கூட்டமாகச் சுழல்கிற காட்சி. அந்தக் கடற்பாலம் 1866இல் திறந்தது, 1975இல் மூடியது, 2003இல் தீப்பிடித்துக் கூடாகிப்போனது. ஊர்க்காரர்கள் அந்தக் கூட்டை அகற்றாமல் விட்டதில் எனக்குச் சந்தோஷம். குளிர்கால மாலைகளில் அந்தப் பறவைகள் நிஜமாகவே வருகின்றன. நான் பணிக்குக் கிளம்பும் நேரமும் அதுதான்.

சுவரோவியத்துக்கு எல்லோரும் காட்டுவது, ரயில் நிலையத்தின் கீழே பிரின்ஸ் ஆல்பர்ட் மதுக்கடைச் சுவரில் தெரு ஓவியர் பேங்க்ஸி 2004இல் வரைந்த, முத்தமிடும் இரு போலீஸ்காரர்கள். மூலத்தைப் பெயர்த்தெடுத்து 2014இல் அமெரிக்காவில் ஏலம் விட்டார்கள், 5,75,000 டாலர். இப்போது இருப்பது நகல், அதன் மேல் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி வேறு. எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை. டியூக் தெருவில் இருக்கும் ஃபேப்ரிகாவை இன்னும் அதிகம் பிடிக்கும். பழைய தேவாலயம், 1996 முதல் கலைக்கூடம். உயரமான கூரைக்குக் கீழே ஒரே ஒரு படைப்பைப் போட்டு, சுற்றி நடக்க விட்டுவிடுவார்கள்.

இப்படித்தான் ஒரு விஷயம் மெல்ல உறைத்தது. இந்த ஊரில் நான் புதிதாகக் கண்டது எல்லாமே வேறு எதற்கோ கட்டிய இடத்தில் இருந்தது. தேவாலயத்தில் கலை, சமையலறையில் கண்காட்சி, ரயிலடி வளைவில் பாட்டு, என் கோட்டுக்குள் சேலை. இதற்கெல்லாம் மூத்தது டோம்.

ராயல் பெவிலியன் என்ற அரண்மனையைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், வெளியே இந்தியக் குவிமாடங்கள், உள்ளே சீன டிராகன்கள். அதன் பக்கத்திலிருக்கும் டோமை 1803க்கும் 1808க்கும் இடையில் வேல்ஸ் இளவரசருக்காகக் கட்டினார்கள். எதற்கு? குதிரை கட்ட. அந்தக் குதிரை லாயம் பின்னாளில் கச்சேரி மண்டபம் ஆனது. 1974இல் அபா குழு யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் வென்றது அந்த மேடையில்தான். இது ஊரில் எல்லோரும் சொல்லும் கதை. யாரும் எனக்குச் சொல்லாத கதையைப் பெவிலியனுக்குள் இருக்கும் ஒரு சிறிய காட்சி அறையில் படித்தேன். உள்ளூர்வாசிக்கு இலவச அனுமதி இருந்த அருங்காட்சியகத்துக்கு முகவரிச் சான்றைக் காட்டிப் போய், அப்படியே பக்கத்தில் இதற்கும் சீட்டு வாங்கிய நாள் அது. 1914 டிசம்பர் முதல் 1916 தொடக்கம் வரை பெவிலியனும் டோமும் மருத்துவமனையாக இருந்தன. பிரான்ஸ் போர்முனையில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்காக. அவரவர் மதத்துக்கும் சாதிக்கும் ஏற்ப ஒன்பது சமையலறைகள் வைத்திருந்தார்கள். கடல் கடந்து, குண்டடிபட்டு வந்த இடத்திலும் தனி அடுப்பு! இறந்த இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 53 பேரை ஊருக்கு வெளியே குன்றின் மேல் தகனம் செய்தார்கள். அங்கே 1921இல் எழுப்பிய வெள்ளைச் சலவைக்கல் நினைவுச்சின்னம், 'சத்திரி', இன்னும் நிற்கிறது.

அந்த அறையில் ஒரு புகைப்படம். டோமின் பெரிய வட்டக் கூரைக்குக் கீழே, வரிசை வரிசையாகக் கட்டில்கள். தலைப்பாகையோடு நோயாளிகள். நான் வார்டைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தேன். கட்டிலுக்கும் கட்டிலுக்கும் இடைவெளி போதவில்லை.

இந்த ஆண்டு மே மாதத்தில் கீழ்வீட்டுப் பெண் அழைத்தாள், டோமில் கச்சேரி, அவளுடைய படிப்பு முடிந்ததற்கு அவள் தரும் விருந்து. கோட்டு போட்டுக்கொண்டு போனேன். உள்ளே இருப்பது இப்போது 1930களில் மாற்றிக் கட்டிய மண்டபம். குதிரையும் தெரியாது, கட்டிலும் தெரியாது. பால்கனியில் இடம். மேடையில் ஒலி சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் கீழே இருக்கைகளைப் பார்த்துக்கொண்டு விரலை மடக்கிக்கொண்டிருந்தேன்.

"என்ன அக்கா எண்ணுறீங்கள்?"

"இங்க எத்தனை கட்டில் போட்டிருப்பாங்கன்னு பார்க்கிறேன். இரவுக்கு எத்தனை நர்ஸ் வேணும்னு."

அவளும் எட்டிப் பார்த்தாள். "எத்தனை?"

பதில் சொல்வதற்குள் விளக்கை அணைத்துவிட்டார்கள்.